முதலை எத்தனை மணிக்கு வரும்?

வழிகாட்டி வேலையில் வழி தெரிவது இரண்டாம் பட்சம். கேட்கிற கேள்விக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்வதுதான் வேலை. சொந்தக்காரர்களை ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு சுற்றுலா போய்வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில், பெங்களூர்க்காரர் ஒருவர் பிலிகுண்டுவிலிருந்து ஒகேனக்கல் வரை காவிரியில் பரிசல் பயணம் நடத்தினார். இரண்டு நாள், இரண்டு பரிசல், ஆற்று நடுவே இருக்கிற திட்டுகளில் சமையலும் தங்கலும். பாப்பாரப்பட்டிக்காரனான எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷும் கொஞ்சம் கன்னடமும் வரும் என்பதால் பேச்சு என் பொறுப்பு. துடுப்பு முனுசாமி அண்ணனும் அவர் மச்சானும். காட்டைப் பற்றிச் சொல்ல இருளர் கெம்பன் கூட வருவார்.

புடிச்ச கை

பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். பரிசலில் உட்கார்ந்ததுமே, "முதலை எத்தனை மணிக்கு வரும்?" என்றார். "அது இஷ்டமுங்க" என்றார் முனுசாமி அண்ணன். பத்து மணிக்குள் நான்கு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏமாத்து வேலை" என்று முணுமுணுத்தார்.

பதினோரு மணிவாக்கில் பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒன்று, எங்களுக்குப் பத்தடி தூரத்தில் தண்ணீருக்குள் வழுக்கி இறங்கியது. மேனேஜர் பாய்ந்து முனுசாமி அண்ணன் கையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். துடுப்புப் போட முடியாமல் பரிசல் மாவாட்டுகிற மாதிரி சுற்ற ஆரம்பித்தது. ஒருவழியாகக் கரை ஒதுங்கியதும் அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "கண்ணாலம் ஆயி முப்பது வருஷம் ஆச்சு தம்பி, பயந்தாக்கூட இவரு என் கையப் புடிக்கல, பரிசல்காரர் கையத்தான் புடிக்கிறாரு."

தண்ணீர் நாய்

ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்மணி நோட்டும் பென்சிலுமாக வந்தார். நீர்நாய்க்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர், நாய் இரண்டுக்கும் தெரிந்த வார்த்தைகளை ஒட்டவைத்துச் சொல்லிவிட்டேன். அவர் பாவம், பிலிகுண்டுத் தெருநாய்கள் ஆற்றில் நீந்தும் என்று நினைத்து, காலையிலிருந்து கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாணல் ஓரமாக ஏழெட்டு நீர்நாய்கள் மீனைக் கவ்விக்கொண்டு தலையைத் தூக்கியபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்டேன். முனுசாமி அண்ணன்தான் தேற்றினார்: "வுடு அந்தோணி, அதுக்கு மட்டும் தெரியுமா அது நாயின்னு?"

ஒருத்தர் குறைகிறார்

ஒரு திட்டில் பெரிய மருத மரத்தடியில் உருண்டைக் கற்கள் வரிசையாக இருக்கும். கெம்பன் வகையறாவில் யார் செத்தாலும் ஆற்றிலிருந்து ஒரு கல் எடுத்து அங்கே வைப்பார்கள். தூர நின்று பார்க்கலாம் என்று கெம்பனே அனுமதி கொடுத்திருந்தார். காலேஜ் வாத்தியார் ஒருவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு எல்லோரும் பரிசலில் ஏறினோம். கெம்பன் மட்டும் ஏறவில்லை. மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

என்ன என்று கேட்டேன். "ஒருத்தர் குறையறாருங்க" என்றார். தலைகளை எண்ணினேன், சரியாக இருந்தது. அவர் கற்களைக் காட்டினார். வாத்தியாரின் பை மடிமேல் கனமாக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கேட்டால் முதலாளியிடம் புகார் போகும், வேலையே போகலாம். ஆனால் அந்தக் கூட்டத்தை அங்கே கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தானே? "சார், பையத் திறங்க" என்றேன். "ஒரு கல்லுக்கா இவ்ளோ? ஷோகேஸ்ல பத்திரமா வெச்சுக்குவேன்" என்று முதலில் எகிறினார். கெம்பன் கோபப்படவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

கடைசியில் வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கல்லை இரண்டு கையாலும் ஏந்திப் போய், இருந்த பள்ளத்திலேயே வைத்தார். திரும்பும்போது குரல் தணிந்து, "யாருங்க இவரு?" என்று கேட்டார். கெம்பன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்: "பேரு தெரியாதுங்க, ரொம்பப் பழைய ஆளு. ஆனா எங்க ஆளு."

நாலாவது ரகசியம்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் வந்தது ஓய்வு பெற்ற வருஷம். வேலையில் இருந்த காலமெல்லாம் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தியவர், ஒரு தீவையாவது மிதித்துப் பார்க்க வேண்டும் என்று தனியாகவே கிளம்பி வந்திருந்தார். மத்தியானம் திட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்தபோது கெம்பன் ஆற்றைப் பார்த்து, "தண்ணி நெறம் மாறுது, கெளம்புங்க" என்றார். மேலே எங்கேயோ மழை. செம்மண் நிறத்தில் நுரையும் சுள்ளியுமாக வெள்ளம் வந்துவிட்டது.

துடுப்புக்காரர்கள் போக மொத்தம் பதினொரு பேர். அந்த வெள்ளத்தில் பரிசலுக்கு நான்கு பேர்தான் தாங்கும். முதல் நடையில் எட்டுப் பேரும் துடுப்புக்காரர்களும் போக, கெம்பன், டீச்சர், நான் மூவரும் பாறைமேல் நின்றோம். கணுக்காலுக்கு வந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. டீச்சரின் ஒரு கையைக் கெம்பனும் ஒரு கையை நானும் பிடித்துக்கொண்டோம். பயத்தில் நான், தேவ ரகசியம் ஐந்தையும் வரிசையாகச் சொல்லி ஜெபிக்கிற ஜெபமாலையை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். டீச்சர் வாயே திறக்கவில்லை; மயக்கம் வந்துவிட்டதோ என்று பயந்தேன். இடுப்புக்குத் தண்ணீர் ஏறியபோது முனுசாமி அண்ணன் பரிசலை வெள்ளத்துக்கு எதிரே நெட்டித் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். எங்களை அள்ளிப் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார். இறங்கியதும் நான் மணலிலேயே படுத்துவிட்டேன். டீச்சர் ஈரப் புடவையைப் பிழிந்தபடி என்னைப் பார்த்தார்: "அந்தோணி, நாலாவது தேவ ரகசியத்த முழுங்கிட்ட. உக்காந்து அத முடிச்சிட்டு எந்திரி."

ஏழு வருஷம் ஊர் உலகத்துக்கெல்லாம் காவிரியை இரண்டு மூன்று பாஷையில் விளக்கிய நான், எனக்கு நீச்சல் தெரியாது என்பதை மட்டும் எந்தப் பாஷையிலும் சொன்னதில்லை.