நொல்வியா ஏப்ரனை அவிழ்த்தால்

செர்னா முனையில் நிலம் ஆடினால் யாரும் உடனே எழுந்திருப்பதில்லை. எழுந்தவர் தலைநகரிலிருந்து மீன் தின்ன வந்தவராக இருப்பார். அன்று முழுக்க அவரைக் கிண்டலடித்துத் தள்ளிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் கரண்டியைப் பிடித்தபடி ஒரு நொடி உடம்பால் கேட்பார்கள், பிறகு ஆளுக்கொரு எண் சொல்வார்கள். நாலரை என்பார் ஒருவர், ஐந்துக்குக் குறையாது என்பார் இன்னொருவர். கைபேசியில் சரியான அளவு வருவதற்குள் சொல்லியாக வேண்டும். வந்த பிறகு வாயைத் திறப்பவரை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. மாதத்துக்கு நாலைந்து தடவையாவது இது நடக்கும். ஏழுக்குக் கீழே இருந்தால் அது வெறும் நடுக்கம். ஏழைத் தாண்டினால்தான் பூகம்பம் என்று மரியாதை.

இந்த விளையாட்டில் நொல்வியா தாப்பியாவை வெல்ல ஆள் கிடையாது. படகுத்துறையை ஒட்டி முப்பது பேர் உட்காரும் சாப்பாட்டுக் கடை அவளுடையது. விலாங்கு மீன் சாறும் பொரித்த மீனும் அங்கே பேர்போனவை. வயது ஐம்பத்து மூன்று, கனத்த உடம்பு, கத்தரித்துப் பேசும் வாய். நிலம் குலுங்கியதும் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘ஐந்து புள்ளி இரண்டு, வடக்கே’ என்பாள். ஐந்து புள்ளி இரண்டாகவே இருக்கும், வடக்கேயும் இருக்கும். எப்படி என்று கேட்டால் காலைக் காட்டுவாள். முதல் உதைக்கும் அடுத்து வரும் ஆட்டத்துக்கும் இடையில் உள்ளங்கால் ஏதோ எண்ணுகிறதாம். நமக்கும் கால் இருக்கிறது, அது ஒன்றும் எண்ணுவதில்லை.

விளையாட்டு என்றா சொன்னேன்? முழுக்க விளையாட்டு இல்லை. நிற்க முடியாதபடி ஆடினால் யாரையும் கேட்காமல் மேட்டுக்கு ஓடு, பின்னால் கடல் வரும் என்பது பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தரும் பாடம். அதில் குழப்பம் ஏதும் இல்லை. குழப்பமெல்லாம் நடுவாந்தரமானவற்றில்தான். ஆறரை, ஆறே முக்கால் என்று மெதுவாக, தொட்டில் போல, ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். ஓடலாமா, சாப்பிடலாமா என்று தெரியாது. அப்போது எல்லாரும் நொல்வியாவின் இடுப்பைப் பார்ப்பார்கள். அவள் ஏப்ரனை அவிழ்த்தால் ஊர் எழுந்திருக்கும். கரண்டி ஓடிக்கொண்டே இருந்தால் ஊர் உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பெரியது வந்தபோது, அது பெரியது என்று மற்றவர்களுக்கு உறைக்கும் முன்பே அவள் ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டாள். கடல் வந்து கடையை, மேசைகளை, பதினோரு படகுகளைக் கொண்டுபோனது. ஆட்கள் அத்தனை பேரும் மேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவளைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்ப்பார்கள்?

இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலையில் கட்டிலில் புரண்டு படுத்தவள் சட்டென்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நாலு புள்ளி ஆறு” என்றாள். பக்கத்தில் அவள் கணவன் எலியேசர் ஒரு காலில் காலுறை மாட்டிக்கொண்டிருந்தான். கடலடியில் முங்கி நத்தை எடுப்பது அவன் தொழில்.

“எது?”

“இப்ப ஆடுச்சே.”

“ஒண்ணும் ஆடலையே, நொல்வி.”

கைபேசியும் அவன் பக்கமே சாட்சி சொன்னது. அன்று மாலை மறுபடி ஆடியது, மறுநாள் மூன்று தடவை ஆடியது. ஒன்றைக்கூட எந்தக் கருவியும் பதிவு செய்யவில்லை. பக்கத்து ஊர் மருத்துவர் அவள் தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, காதுக்குள் உப்புப் பொடி போலச் சில துகள்கள் உண்டு, அவை இடம் பெயர்ந்துவிட்டன என்றார். தலையை அசைக்கும் பயிற்சி ஒன்றைக் கற்றுக்கொடுத்து, சில வாரங்களில் சரியாகலாம், சரியானது திரும்பவும் வரலாம் என்று சொல்லி அனுப்பினார். நாட்டில் இல்லாத நடுக்கமா, இவள் காதுக்குள் தனியாக ஒன்று எதற்கு என்று எலியேசர் அலுத்துக்கொண்டான்.

ஊரில் சொல்லிவிடச் சொன்னான் அவன். நொல்வியா மாட்டேன் என்றாள்.

“சொன்னா அப்புறம் யாரப் பாப்பாங்க?”

“கைபேசியப் பாக்கட்டும்.”

“அது கத்துறதுக்குள்ள கடல் வந்துரும்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு ஊரே இடுப்பைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் அதை விட மனம் வரும்?

எலியேசர்தான் யோசனை சொன்னான். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வை, தண்ணீர் அசைந்தால் நிலம் அசைகிறது, அசையாவிட்டால் காது என்றான். கேட்க அருமையாக இருந்தது. ஆனால் மீன் லாரி போனாலும் தண்ணீர் அசைந்தது, அவள் கறி வெட்டினாலும் அசைந்தது. தலை சுற்றும்போது தண்ணீர், டம்ளர், அடுப்பு, சுவர் எல்லாமே சேர்ந்து அசைந்தன. எதை நம்புவது? ஒரு நாளில் பத்துத் தடவை அவள் அந்த டம்ளரை முறைத்துக்கொண்டு நின்றாள். எண் சொல்வதிலும் தந்திரம் செய்ய ஆரம்பித்தாள். மற்றவர்கள் சொல்லும் வரை காத்திருந்து, நடுவில் ஒன்றைப் பிடித்துச் சொன்னாள். ஒருமுறை ஐந்தரை என்றது நாலு புள்ளி ஒன்றாகப் போய்விட்டது. எழுபது வயதுப் படகுத் தச்சர் தோன் பால்தொமேரோ, உன் காலுக்கும் கண்ணாடி வாங்கிப் போடு என்று சொல்லிச் சிரித்தார். கடை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியம், கடையில் இடமில்லை. காலையிலிருந்து அவளுக்கு இரண்டு முறை தலை சுற்றியிருந்தது. ஜன்னல் ஓரத்து மேசையில் ஓர்ஃபெலினா இருந்தாள். நொல்வியாவின் நெருங்கிய தோழி, அதற்கும் மேலே. அவள் மகள் மிலேனாவுக்கு ஞானஸ்நானத்தின்போது நொல்வியாதான் ஞானத்தாயாக நின்றாள். அந்த உறவில் இருவரும் ஒருவரை ஒருவர் ‘கொமாத்ரே’ என்று கூப்பிடுவார்கள். மிலேனாவுக்குப் பத்தொன்பது வயது. அந்த நேரத்தில் அவள் கீழே பாறைகளில், முழங்கால் தண்ணீரில், கடற்பாசி அறுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது தடவையாகத் தரை நழுவியபோது நொல்வியா மீன்சாற்றை ஊற்றிக்கொண்டிருந்தாள். மெதுவான ஆட்டம். கண் டம்ளரைத் தேடியது. டம்ளர் காலி. மிளகாய்ச் சட்னி காரமென்று தோன் பால்தொமேரோ எட்டி எடுத்துக் குடித்திருந்தார். மேலே விளக்கு ஆடியது, அவளுக்கு அது காலையிலிருந்தே ஆடிக்கொண்டுதான் இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் சுற்றல் கூடும் என்று பாத்திரத்தையே பார்த்து ஊற்றினாள். ஒரு கிண்ணம், இரண்டு கிண்ணம். கடைக்கண்ணில் ஓர்ஃபெலினா எழுந்து வாசல் பக்கம் வருவது தெரிந்தது. நின்றாள். இவளைப் பார்த்தாள். இது காதா, நிலமா? நிலமென்றால் இந்நேரம் எல்லாரும் எழுந்திருப்பார்களே, உட்கார்ந்திருக்கிறார்களே! அவர்கள் தன்னைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அந்தக் கணத்தில் அவளுக்கு எட்டவில்லை. மூன்றாவது கிண்ணத்தை நிரப்பினாள். ஓர்ஃபெலினா திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

ஆறு புள்ளி எட்டு, கடலுக்குள்ளே. கைபேசிகள் கூவியபோது ஆட்டமே நின்றிருந்தது. கடல் கொஞ்சம் பின்வாங்கி, இரண்டு தடவை வழக்கத்துக்கு மேலே ஏறி, பாறைகளைக் கழுவிவிட்டுப் போனது. மிலேனா மார்பு வரை நனைந்து, பல் தந்தியடிக்க, சிரித்துக்கொண்டே மேலே வந்தாள். கூடை போய்விட்டது, அறுத்த பாசியெல்லாம் போய்விட்டது என்றாள். கூடைதானே என்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நொல்வியாவுக்குப் புரியவே இல்லை. ஊர் அவளைக் கொண்டாடியது. ஆறு புள்ளி எட்டு அடிக்கிறது, அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை, கடல் வராது என்று அவள் காலுக்குத் தெரிந்திருக்கிறது என்று படகுத்துறை முழுக்க இதே பேச்சு. தோன் பால்தொமேரோ கண்ணாடிக் கிண்டலை வாபஸ் வாங்கினார். மறுத்துச் சொல்ல வேண்டிய நேரத்தில் அவள் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒருவேளை கால் அறிந்தே இருந்ததோ என்று அவளே யோசிக்க ஆரம்பித்தாள். காது கெட்டாலும் கால் கெடவில்லையோ? பெரியது என்றால் ஏப்ரனுக்குக் கை தானாகப் போயிருக்குமே, போகவில்லையே! இப்படி ஒரு பக்கம் ஆறுதல். மறுபக்கம், அந்த மூன்று கிண்ணத்தை நிரப்பும்போது தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். எது உண்மை என்று எலியேசரிடம் கேட்டாள். தண்ணீருக்கடியில் இருந்தவனிடம் கேட்காதே என்று அவன் சொல்லிவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து ஓர்ஃபெலினா ரொட்டி வாங்க வந்தவள் போகிற போக்கில் சொன்னாள். “மிலேனாகிட்ட சொல்லிட்டேன், கொமாத்ரே. பாறைல நின்னாலும் கடை வாசல் தெரியுற மாதிரி நில்லு, கைபேசியையெல்லாம் பாக்காத, ஞானத்தாயப் பாருன்னு.”

நொல்வியா வாயைத் திறந்தாள். இன்றைக்கு ரொட்டி கொஞ்சம் கருகிவிட்டது என்று சொன்னாள். அன்றிரவு அவள் தூங்கவில்லை. தன்னையே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம், தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது தரை சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுப்பு மேடையை இரண்டு கையாலும் பற்றினாள். ஒரு தட்டு விழுந்து உடைந்தது. சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். எல்லா முகத்திலும் பயம். அப்படியென்றால் இவர்களுக்கும் ஆடுகிறது, இது நிலம்தான் என்று நினைத்தாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் அவர்கள் பயந்தார்கள். அவர்களைப் பார்த்து இவள், இவளைப் பார்த்து அவர்கள். வாசலுக்கு வெளியே, கீழே பாறையில், மிலேனா இந்தப் பக்கம் பார்த்தபடி நிற்பது தெரிந்தது.

நொல்வியா ஏப்ரனை அவிழ்த்தாள்.

நாற்காலிகள் உருண்டன. முப்பது பேரும் கழுத்தில் துணியோடும் கையில் முள்கரண்டியோடும் மேட்டுப்பாதையில் ஏறினார்கள். தோன் பால்தொமேரோ மூட்டுவலியோடு தன் பொரித்த மீன் தட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். மிலேனா எல்லாரையும் முந்தி மேலே வந்து மூச்சு வாங்கினாள். திரும்பிப் பார்த்தார்கள். கடல் பளபளவென்று அசையாமல் கிடந்தது. அபாயச் சங்கு ஊதவில்லை. கைபேசிகளில் ஒன்றும் இல்லை, ஒரு மூன்றுகூட இல்லை.

“எவ்வளவு, நொல்வியா?” என்று யாரோ கேட்டார்கள். யாருக்கும் ஆடியதாகத் தெரியவில்லை, ஆனாலும் யாரும் அவளைச் சந்தேகிக்கவில்லை. அது அவளுக்குத் தாங்கவில்லை.

“தெரியல,” என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காது, மருத்துவர், டம்ளர், நடுவில் பிடித்துச் சொன்ன எண்கள். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமையையும் சொன்னாள். “தெரிஞ்சு ஊத்தல. தெரியாமத்தான் ஊத்தினேன்.”

தோன் பால்தொமேரோ தட்டைக் கீழே வைத்தார். யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஓர்ஃபெலினா மகளின் தோளில் கை வைத்தபடி நின்றிருந்தாள்.

“அன்னைக்கு நான் எந்திரிச்சேன், கொமாத்ரே,” என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம். “இவளக் கூப்பிட வாசல் வரைக்கும் வந்தேன். உன் கையப் பாத்தேன். கரண்டி நிக்கல. திரும்பிப் போய் உக்காந்து மீன் தின்னேன்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“பாத்தேன்,” என்றாள் நொல்வியா. “நீ வந்ததையும் பாத்தேன். போனதையும் பாத்தேன்.”

நொல்வியா அழுதாள், யாரும் பக்கத்தில் வரவில்லை. வெகுநேரம் கழித்துத் தோன் பால்தொமேரோ, சரி, இறங்கலாமா என்று கேட்டார். கேட்டவர் பழக்கத்தில் நொல்வியாவைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

“அவளப் பாக்காதீங்க,” என்றாள் ஓர்ஃபெலினா.

தலைகள் கடல் பக்கம் திரும்பின. முதலில் இறங்குவது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் காலை மாற்றி வைத்தால் மற்றவர் அது ஆட்டமா என்று தரையைப் பார்த்தார். முப்பது பேரும் சாயங்காலம் வரை அந்த மேட்டிலேயே நின்றார்கள்.