தெற்கே அணைந்த ஒளி

தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளத்தின்போது எங்கள் வானிலை நிலையத்து ராடார் அறையில் மழையை மதிப்பிடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மொரீஷியஸ் சுதந்திரமடைய இன்னும் ஓரிரு ஆண்டுகள் இருந்தன. பட்டப்பகலிலும் திரைச்சீலையை இழுத்து இருட்டாக்கி வைத்திருப்போம். வட்டக் கண்ணாடியில் மழை பச்சைப் பொட்டுகளாகத் தெரியும். குமிழைத் திருகிக் கருவியின் கூர்மையைக் குறைத்துக்கொண்டே வருவேன். லேசான மழை முதலில் அணைந்துவிடும். கடைசிவரை அணையாமல் நிற்கும் இடத்தில் கொட்டித் தீர்க்கிறது என்று அர்த்தம்.

வெள்ளம் வந்த அன்று காலை முழுக்க அணையாமல் நின்றது தெற்கேதான், சுயாக் ஊருக்கு மேலே உள்ள மலைகளில். அங்கே ஆற்றோரக் குடியிருப்பில்தான் என் சித்தி இருந்தார். மத்தியானம் எங்கள் கூரைமேலேயே மழை பிடித்துக்கொண்டது. பேசினால் காதில் விழவில்லை. கொஞ்ச நேரத்தில் தெற்கே இருந்த ஒளி மங்கி, அணைந்தே போனது.

“அங்கே விட்டுவிட்டது. போலீசுக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டாம்,” என்றார் எங்கள் செஃப், அதாவது மேலதிகாரி. ஜனங்களை வீணாக அலையவிட்டதாக முன்பே ஒருமுறை வாங்கிக்கட்டிக்கொண்டவர்.

நான் மறுத்தேன். “விடவில்லை, செஃப். நம் தலைக்கு மேல் பெய்கிற மழை ராடார் கதிரை விழுங்குகிறது. அதற்கு அப்பால் எவ்வளவு பெய்தாலும் இதில் தெரியாது.”

சித்தி அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். “இதைச் சொல்வது உன் படிப்பா, உன் சித்தியா?”

“இரண்டும்தான்.”

அவர் சிரிக்கவில்லை. காலை மழை அதே வேகத்தில் பெய்துகொண்டிருப்பதாக வைத்து, ஆற்றில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவரே தொலைபேசியை எடுத்தார்.

போலீசார் எல்லாரையும் மேட்டுக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஆறு சித்தி வீட்டு ஜன்னலைத் தாண்டிவிட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மழை ஓய்ந்து நான் போனபோது சித்தி கோயில் வாசலில் சேறு படிந்த பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “இவன்தான் எங்கள் அக்கா பையன். அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இங்கே பெய்த மழையைப் பார்த்துவிட்டான்,” என்று சுற்றியிருந்தவர்களிடம் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் பீற்றிக்கொண்டார். அக்கா என்ற சொல் மட்டும் தமிழ்.

அந்த மத்தியானம் நான் எதையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெற்கே ஒன்றுமே இல்லை. தெரியாததை இல்லை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இதையெல்லாம் சித்திக்கு விளக்கவில்லை. தேய்த்த தட்டிலேயே அவர் சோறு போட்டார். பெருமையாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.