வெடி போட்ட பிறகு

அடிப்பிடித்த பாத்திரங்களைத் தேய்ப்பது அந்த வீட்டில் அப்பாவின் வேலை. பாசத்தால் வந்த ஏற்பாடு அல்ல. துறைமுகத்தில் கம்பி இழுக்கும் வின்ச்சைச் சுற்றிவிட்டு வருகிற கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அந்தக் கையால் துணியைத் தொடாதீங்க, சுவரைத் தொடாதீங்க என்று சொல்லி அலுத்துப்போன மனைவி, கடைசியில் ஒரு கிண்ணம் சாம்பலைக் கொடுத்து அவரைச் சமையலறை மூலையில் உட்கார வைத்துவிட்டாள். பாத்திரத்தில் கரி போகும்போது கையில் கிரீஸும் போய்விடும்.

போருக்கு முன்னால் அவர், பழுதான படகுகளைக் கரைக்கு இழுத்து ஏற்றும் வின்ச்சில் இருந்தார். போர் வந்ததும் கடற்படை துறைமுகத்தில் பாதியை எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியில் யார் எப்போது தும்மலாம் என்பதையும் அதுவே முடிவு செய்தது. கரையில் மணல்மூட்டை அடுக்கிப் பீரங்கி வைத்தார்கள். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டச் சொன்னார்கள். நீர்மூழ்கிகள் நுழையாதபடி துறைமுக வாயின் குறுக்கே இரும்புக் கம்பி வலையைத் தொங்கவிட்டார்கள். வலையின் நடுப்பகுதி மட்டும் கதவு மாதிரி விலகும். அதை இழுக்க, பக்கத்தில் கட்டிப்போட்ட தட்டைப் படகில் ஒரு வின்ச். அதற்கு இவரைப் போட்டார்கள். ஊர் உடனே அவருக்குக் ‘கதவு’ என்று பெயர் வைத்தது. அவர் மனைவி கடைக்குப் போனால், "கதவு வீட்டம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்றார்கள்.

சட்டம் ரொம்பச் சுலபம். சூரியன் மறையும்போது கரைப் பீரங்கி ஒரு வெற்று வெடி போடும். உடனே வலையை மூட வேண்டும். அதன் பிறகு, அன்றைக்குரிய விளக்குக் குறி காட்டும் போர்க்கப்பலுக்கு மட்டும்தான் திறக்கலாம். மீன்பிடிப் படகுகளுக்குக் குறி கிடையாது. வெடிக்கு முன்னால் வந்துவிட வேண்டும். போன மாதம் வெளியே தங்கிய ஒரு சரக்குப் படகு, விடிந்து பார்த்தபோது இல்லை. அதில் இருந்தவர்களும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வெடி கேட்டபோது சூரியன் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வலையை மூடினார். பூட்டு மாட்டிக்கொண்டிருக்கையில் மாப்பிள்ளையின் படகு வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. பார்க்காமலே தெரிந்தது. அந்த எஞ்சினுக்கு ஆஸ்துமா.

"மாமா, கொஞ்சம் தொறங்க."

"வெடி போட்டாச்சு மாப்ள."

"சூரியன் இன்னும் இருக்கே."

"தெரியுது. நல்லாவே தெரியுது."

"அப்புறம் என்ன?"

"சூரியன் எனக்கு மேலதிகாரி இல்லயே."

மாப்பிள்ளை சண்டைக்காரர் அல்ல. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "சரி, இந்த மீனையாவது வாங்கிக்குங்க. விடியறதுக்குள்ள நாறிப் போயிடும்" என்றார்.

இவர் யோசித்தார். வலைக்கு மேலாக மீன் வாங்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார். இரவுக் காவலாள் வந்ததும் படகை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தார்.

மகளும் மாப்பிள்ளையும் அதே வீட்டில் பின்னறையில் குடியிருந்தார்கள். மகள் மீனைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"அவரு எங்க?"

"வலைக்கு வெளிய."

"மீன் மட்டும் எப்படி வந்துச்சு?"

"மேல தூக்கிக் குடுத்தாரு."

"மீன வாங்கத் தெரிஞ்ச கைக்கு ஆள வாங்கத் தெரியலயா?"

"ஆள் ஏறி வரக்கூடாதுன்னு சட்டத்துல இருக்கும்மா. மீனப் பத்தி ஒண்ணும் இல்ல."

அவள் கடற்கரைக்கு ஓடினாள். காவல்காரன் திருப்பி அனுப்பினான். அன்று மீன் குழம்பு வைத்தார்கள். ஒருவர்தான் சாப்பிட்டார்.

காலையில் வலை திறக்க வெடி போட்ட பிறகு மாப்பிள்ளை ஜலதோஷத்தோடு வந்து சேர்ந்தார். மாமா மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கினார். கெட்ட சகுனம் போல, வெள்ளிக்கிழமை கடற்படை அதிகாரி ஒருவர் ஒரு பொட்டலம் சர்க்கரையோடு வீட்டுக்கு வந்தார்.

"சொந்த மாப்பிள்ளைன்னு தெரிஞ்சும் தொறக்கல. இப்படிப்பட்ட ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றார். கடிகாரம் வேகமாக ஓடியதால்தான் வெடி முன்னாலேயே போய்விட்டது என்றும், பீரங்கிக்காரனை உருளைக்கிழங்கு உரிக்க அனுப்பியாகிவிட்டது என்றும் சொன்னார். அதிகாரிக்குக் காபி கொடுத்தார்கள். பழைய சர்க்கரையில்.

அவர் போனதும் மகள் சமையலறைக்கு வந்தாள். அப்பா மூலையில் உட்கார்ந்து பானை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆக, கடிகாரம் தப்பு, பீரங்கி தப்பு. நீங்க மட்டும் சரி."

"ஆமா."

"இன்னொரு தடவ இப்படி ஆனா தொறப்பேன்னு சொல்லுங்க. இல்லன்னா நான் அவரக் கூட்டிக்கிட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

அக்கா வீடு கடலே கண்ணில் படாத ஊரில் இருந்தது. "அங்க போயி நான் எங்க மீன் பிடிக்க, கெணத்துலயா?" என்று பின்னறையிலிருந்து குரல் வந்தது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"தொறக்கறேன்னு சும்மா சொல்லித் தொலைங்களேன். வாயத் தொறக்கறதுக்கும் உத்தரவு வரணுமா?" என்றாள் மனைவி.

அவருக்கு ஒரே மகள். அவள் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ‘சரி’ என்ற ஒரு சொல்தான் வேண்டும் என்பதும் தெரியும். பானையைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தேய்த்தார். அங்கே கரி இல்லை.

மகள் உள்ளே போனாள். தகரப் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது.

அவர் கையைக் கழுவி, அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டு, பின்னறை வாசலில் போய் நின்றார். பெட்டி நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் இரண்டு சட்டைகளை மேலே வைத்து, முழங்காலால் அழுத்தி, மகள் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கட்டிலில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கனமா இருக்கும்மா" என்றார் அப்பா. "பஸ் எத்தன மணிக்கு? வெடிக்கு முன்னாடின்னா நான் வந்து தூக்குறேன்."

மகள் பெட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அவரைத் தாண்டி அறையை விட்டு வெளியே போனாள்.