ஆறு மணி நேரத்தை அடைத்த டிவிடி

அம்மாவுக்கு வலது கண் போய் நாலு வருடமாகிறது. மிச்சமிருந்த இடது கண்ணில் புரை விழுந்து, போன மாதம்தான் ஆபரேஷன் முடிந்தது. "புகை மாதிரி தெரியுறது ஒரு வாரத்துல தெளிஞ்சிரும்" என்றார் டாக்டர். தெளியாவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அதை வாய்விட்டுச் சொல்ல அதைவிடப் பயம்.

எட்டாம் நாள் காலையில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஒங்கக்கா கல்யாண சீடியப் போடு. அப்பாவப் பாக்கணும்" என்றாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பா, போட்டோவென்றால் விறைத்துக்கொண்டு நிற்பார். அவர் சிரித்துப் பதிவானது அந்த ஒரு கல்யாணத்தில்தான். அவர் இறந்தே பத்து வருடமாகிவிட்டது. அம்மாவின் கண்ணுக்காகவே பழைய பெட்டி டிவியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு, சுவரை அடைக்கிற மாதிரி புது டிவி வாங்கி மாட்டியிருந்தேன். பெரிதாக இருந்தால் நன்றாகத் தெரியும் என்று நினைத்த அறிவாளி நான்.

திரையில் அப்பா வந்தார். சர்ச் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். பக்கவாட்டில் இழுபட்டுக் குண்டாகத் தெரிந்தார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பு நிறக் கட்டங்கள்தான் இருந்தன. அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் கட்டங்கள் கலைந்து, கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தன.

அம்மா நாற்காலிக் கையை இறுகப் பிடித்தாள்.

"கண்ணு மூக்கு ஒண்ணும் தெரியலையேடா. இதுவும் போச்சா?"

கேட்டுவிட்டு இமைகளை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"வேற சேனல் வைக்கிறேன், தெறந்து பாரும்மா."

"வேணாம். அதுவும் தெரியலைன்னா நான் என்ன செய்வேன்?"

அவள் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது.

எனக்குக் காரணம் தெரியும். கல்யாணத்தை கேமராவில் பிடித்ததும், கம்ப்யூட்டரில் டிவிடியாக்கி உறவுக்காரர்களுக்கெல்லாம் கொடுத்ததும் நான்தான். மேடையேறி நின்ற ஒருத்தர் முகத்தை வெட்டிவிட்டால்கூட எங்கள் உறவில் அடுத்த விசேஷத்துக்கு வரமாட்டார்கள். அதனால் ஒரு நிமிடத்தையும் வெட்டாமல், நிச்சயத்திலிருந்து பந்தி வரைக்கும் ஆறு மணி நேரத்தை ஒரே டிவிடியில் அமுக்கினேன். படத்தின் தரம் குறையும், பரவாயில்லையா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பரவாயில்லை என்று அழுத்தினேன். எல்லார் முகமும் அடங்கவேண்டும் என்பதற்காக, அது ஒவ்வொரு முகத்திலும் இருந்த நுணுக்கத்தைக் கழித்துவிட்டது. டிவிடியின் படம் பெட்டி டிவியின் அளவுக்குச் செய்தது. அந்தச் சின்னத் திரையில் இல்லாததை எங்கள் மனசே நிரப்பிக்கொண்டது. புது டிவியில் பல மடங்கு புள்ளிகள். இல்லாதவற்றை அது ஊகித்து நிரப்புகிறது, கட்டங்களையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கேமராவில் முதலில் பதிந்த கேசட்டாவது இருக்கிறதா என்றால், நண்பர்களோடு கீழக்குயில்குடி மலையேறிய கூத்தை அதன் மேலேயே பதிந்த புண்ணியவானும் நான்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சொன்னால் அப்பா முகம் இனிமேல் கிடையாது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் கண் போய்விட்டதென்றே இப்படி உட்கார்ந்திருப்பாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கும் அப்படித்தாம்மா தெரியுது. ஒன் கண்ணு இல்ல, சீடிதான். நான்தான் கெடுத்தேன். கேசட்டையும் அழிச்சுட்டேன்."

அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். டிவியைப் பார்க்கவில்லை. என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இங்கன சின்னதா வெட்டியிருக்கு. காலையில சவரம் பண்ணுனியா?"

"ஆமாம்மா."

"அப்ப கண்ணு போகல."

என் முகத்தை விட்டுவிட்டுத் திரைப்பக்கம் திரும்பினாள். அந்தக் கட்டங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருதான் போயிட்டாரு" என்றாள். "இம்புட்டு நாளா இதுக்குள்ள இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."