வாத்தியாரின் தூரக்கண்ணாடி

என் கணவர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊரொன்றில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். கல்பாத்தியிலிருந்து நாங்கள் அங்கே குடிபோன மறுவருஷம், சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துத் துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. நான் பித்தளை அண்டா கேட்டிருந்தேன். அவர் தூரக்கண்ணாடி வாங்கி வந்தார்.

மாசி பிறந்தால் ஊர் ஏரிக்கு நாரைகள் வரும். அங்கே துப்பாக்கி எடுக்கக் கூடாதென்று ஊர்க்கட்டுப்பாடு. பறவைமேல் பிரியம் என்று சொல்ல முடியாது; எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். இவர் விடிந்ததும் கரையில் உட்கார்ந்து பள்ளிக்கூட நேரம் நெருங்கும்வரை பார்ப்பார். பிறகு சாப்பிட உட்கார்ந்து, கூழைக்கடாவின் அலகைப் பற்றிச் சொல்லிக்கொண்டே குழம்புச் சாதத்தில் பாயசத்தை விட்டுக்கொள்வார்.

எதிர்க்கரை, பெண்கள் குளிக்கும் துறை. சீக்கிரமே ஊர்ப் பெரியதனக்காரக் கவுண்டரின் மனைவி நாலைந்து பெண்களோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரரு அந்தக் கொழாயை வெச்சுட்டு எங்களையே பாக்கறாருங்க. நல்லாவாங்க இருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமானதிலிருந்து என் புடவை என்ன நிறமென்றே கவனிக்காத மனிதர் அவர். சொன்னால் யார் நம்புவார்கள்? எல்லோரையும் கரைக்கு அழைத்துப் போய், இவர் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி, "நீங்களே பாருங்கோ" என்று கவுண்டரின் மனைவியிடம் கொடுத்தேன்.

"அட சாமீ! நாரை கண்ணச் சிமிட்டறதுகூடத் தெரியுதுங்க!"

கண்ணாடி மெல்ல மேற்கே நகர்ந்தது. அங்கே பனந்தோப்பு, தோப்புக்குள் கள்ளுக்கடை. கண்ணாடி அங்கேயே நின்றுவிட்டது.

"தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போறேன்னு சொல்லிப்போட்டு, எங்க கவுண்டரு அங்கல்ல உக்காந்திருக்கறாரு!"

அடுத்தவர் கண்ணாடியைப் பிடுங்கினார். அவருடைய வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார்.

அன்றிலிருந்து பெண்கள் தினமும் கரைக்கு வந்தார்கள். இவருக்கு ஒரே சந்தோஷம். "பறவை பார்க்கறதுல இவாளுக்கு எத்தனை ஆசை பாரேன்!" என்று என்னிடம் பூரித்துப்போனார். நீலக்கோழி எது, சிறகி எது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் மேற்கே பார்த்தபடியே தலையாட்டினார்கள்.

கள்ளுக்கடையில் கூட்டம் குறைந்தது. மாசி முடிவதற்குள் ஆண்கள் பஞ்சாயத்துக் கூட்டினார்கள்.

"வாத்தியாருங்க, அந்தக் கண்ணாடியக் கண்டு பறவைக மெரளுதுங்க" என்றார் கவுண்டர். "அப்பறம் எப்படிங்க குஞ்சு பொரிக்கும்? வாயில்லாச் சீவனுங்க, பாவமில்லீங்களா?"

நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்களெல்லாம் "ஆமாங்க, பாவமுங்க" என்றார்கள். ஒருவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி ஏரிக்கரையில் தூரக்கண்ணாடி கூடாது என்று தீர்ப்பாயிற்று.

ஊரிலேயே அதை மனதார நம்பியவர் என் கணவர் ஒருவர்தான். "நான் யோசிக்கவே இல்லை பாரு. அதுகள் எத்தனை பயந்துண்டிருந்ததோ!" என்று கண்ணாடியைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார். மறுநாள் முதல் வெறுங்கண்ணோடு போய் உட்கார்ந்தார். அதிலும் அவருக்குக் குறையொன்றும் இல்லை.

அவர் பள்ளிக்கூடம் போன பிறகு ஒருநாள் கவுண்டரின் மனைவி வந்தார்.

"ஏனுங்கம்மா, உங்க மச்சுல நின்னா ஏரி தெரியுங்களா?"

"ஏரி தெரியாது. பனந்தோப்பு நன்னாத் தெரியும்" என்றேன்.

"அது போதுமுங்க" என்று அவர் மாடிப்படி ஏறினார்.