கேமரா காட்டிய கோடுகள்

வேல்விழி முன்னால் குனிந்து பார்த்தாள். கம்ப்யூட்டர் திரையில் இருந்தது அவள் எடுத்த படம்தான். சன்னக் கோடு போட்ட குழந்தைப் பனியன். அதன் நெஞ்சு முழுக்கப் பச்சையும் ஊதாவுமாக, தண்ணீரில் எண்ணெய் சிந்தியதுபோல், அலையலையாக வேறு கோடுகள் ஓடின.

"வெளிநாட்டுலருந்து மெயில் வந்துருக்குது கண்ணு. துணியே பழுதுங்கறாங்க. கட்டிங்க நிறுத்தியாச்சு" என்றார் பனியன் கம்பெனி முதலாளி திருமூர்த்தி.

"போன்ல எடுத்த வரைக்கும் ஒண்ணும் தெரியலீங்க. கேமரா வந்துதான் குட்டு வெளிப்பட்டுருக்குது" என்றாள் ஆர்டர்களைக் கவனிக்கும் சித்ரகலா.

அந்தக் கேமராவைக் கேட்டு வாங்கியவளே வேல்விழிதான். சாத்தூர்ப் பக்கமிருந்து வந்து, செக்கிங் மேசையில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள். படமெடுக்கும் ஆள் வராத ஒரு நாளில், சாம்பிள் ரூம் ஜன்னலில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு வெயிலை வடிகட்டி, தன் போனிலேயே படம் எடுத்து அனுப்பினாள். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையருக்குப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அதுவே அவள் வேலை. "நல்ல கேமரா இருந்தா இழையவே எண்ணிப்புடலாம் சார்" என்று அவள் சொன்னதை நம்பி முதலாளி வாங்கினார். லென்ஸுக்குக் குங்குமம் வைக்கப் போனவரைத் தடுப்பதற்குள் அவளுக்கு உயிர் போய்விட்டது. வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

துணி பின்னும் பிரிவின் நிட்டிங் மாஸ்டர் பூபாலனை அழைத்தார்கள். ஊத்துக்குளிக்காரர். கண்ணை மூடித் தடவியே துணியின் குறையைச் சொல்லிவிடுவார். இந்தத் துணியையும் தடவித்தான் அனுப்பியிருந்தார். அவர் திரையருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். 'என் துணி அப்படி இல்லீங்க' என்று கத்துவார் என்று வேல்விழி காத்திருந்தாள்.

"நூல் கோன் மாத்தறப்ப வேற லாட்டு, வேற சரக்கு நூல ஏத்திட்டேனுங்க" என்றார் பூபாலன். "என் தப்புதானுங்க. நாளைல இருந்து நான் வரலீங்க."

  வேல்விழி மேசையில் கிடந்த பனியனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதில் அலை எதுவும் இல்லை. பிறகு எதை ஒப்புக்கொண்டார் இந்த மனிதர்?

பனியனோடு சாம்பிள் ரூமுக்கு ஓடினாள். அதே இடத்தில் மாட்டி, அதே கேமராவால் எடுத்தாள். அலை இருந்தது. கொஞ்சம் முன்னால் நகர்ந்து எடுத்தாள்; அலை அகலமானது. பின்னால் போனாள், அது வேறு பக்கம் சாய்ந்து ஓடியது. கேமராவைச் சற்றுத் திருப்பினாள், மாயமாக மறைந்தது. துணி தொங்கின இடத்திலேயே தொங்கியது. அவள் நகர நகரக் கோடுகள் மட்டும் இடம் மாறின. செத்ததென்று நினைத்த பூச்சி தொட்டதும் பறந்தாற்போல அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சொன்னால் கேமரா அலமாரிக்குப் போகும், அவள் செக்கிங் மேசைக்குப் போவாள். அது தெரிந்தே படங்களை முதலாளி முன் வரிசையாகத் திறந்தாள்.

"துணியில இருந்தா கோடு நகருமா சார்? சன்னக் கோட்ட இந்தக் கேமராவுல நேர எடுத்தா இப்படிக் குழம்புது. கேமராவக் கொஞ்சம் திருப்பி எடுத்திருக்கணும்."

"இத்தன வெல குடுத்து வாங்குனது பொய்யா சொல்லுது?"

"அது பொய் சொல்லல சார். எனக்குத்தான் எடுக்கத் தெரியல."

திருமூர்த்தி படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். "அலையில்லாதத அனுப்பி விடு கண்ணு. சித்ரகலா, வெவரம் எழுதீரு" என்றவர், கேமராவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பூபாலனை வேல்விழி மறித்தாள். "அண்ணே, துணியில பழுதே இல்ல. நீங்க எதுக்குண்ணே ஒத்துக்கிட்டீய?"

"அவ்ளோ பெரிய கேமராவுல அவ்ளோ தெளிவாத் தெரிஞ்சுதே, கண்ணு. யோசிக்க யோசிக்க, நான் கோன் மாத்துனது கண்ணுக்குள்ளயே வந்துருச்சு." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்ப நான் லாட் மாத்தலயா?"

"இல்லண்ணே."

அவள் நீட்டிய பனியனை வாங்கி, பூபாலன் கண்ணை மூடித் தடவினார். விரலில் குறை எதுவும் தட்டுப்படவில்லை. இருந்தும் கண்ணைத் திறந்து, "அந்தப் படத்த இன்னொருக்கா காட்டு கண்ணு" என்றார்.