பாடு நாளில் வந்தவர்

ஏரித் தீவான பசியாவரத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கமும் திறக்காமல் போன அன்று, மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். நெட் இணைப்பு கொடுத்தவரை வரச் சொன்னேன். ஏரியைக் கடந்து வந்தார். கறுத்த ஒல்லி உடம்பு, முழங்கால் வரை சுருட்டிய பேண்ட், சட்டைப் பையில் டெஸ்டர். நிமிஷத்துக்கு ஒருதரம் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார். கவனமில்லாத ஆள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒயரெல்லாம் சரியாக இருந்தது. பிறகு திரையின் மூலையைக் காட்டினார். தேதி பல வருஷம் பின்னால் நின்றது.

"தெனம் பிளக்கைப் புடுங்கிடுவீங்களாம்மா?"

"ஆமா. உப்புக்காத்துல நெருப்புப் பொறி வருதுன்னு பயம்."

"உள்ள இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போச்சு. பிளக்கைப் புடுங்கினா இதுக்கு நாள் மறந்துடுது. நம்ம பாடு இல்லாத நாள்ல வலையோட போய் நின்னா ஏரில விடுவாங்களா? அப்டிதான் தேதி தப்பான இதையும் வெப்சைட்டுல தொரத்துறாங்க."

எங்கள் ஏரியில் முறைவைத்துத்தான் வலை கட்டுவார்கள். அந்த முறைதான் பாடு; தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை வருமானமில்லை. அவர் தேதியைத் திருத்தியதும் பக்கம் திறந்தது. மகள் விண்ணப்பத்தை அனுப்பினாள். டீகூட வேண்டாமென்று அவர் படகுக்கு ஓடினார்.

சற்று நேரத்தில் வீட்டுக்கு வந்த என் கணவர், நடந்ததைக் கேட்டு, "அவரா? இன்னிக்கு அவுங்க பாடாச்சே. இங்க இன்னா பண்ணாரு?" என்றார்.

நான் ஜன்னலுக்கு ஓடினேன். தூரத்தில், சுருட்டிய பேண்ட்டோடேயே, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவர் வலை கட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.